ஆபர்ன் என்று எழுதியிருந்தது

அத்தியாயம் 9

பால் புட்டியைக் கவிழ்த்து மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள் ஜூடித். சுடுகிறதா, ஆறிவிட்டதா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். அப்போதும் தெரியவில்லை.

கடைசியில் கொஞ்சம் தன் வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்குக் கொடுத்தாள்.

இன்றோடு நாற்பத்திரண்டு நாள். குழந்தை பிறந்தால் நாற்பத்திரண்டு நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். ஜூடித் இரண்டு முறை நேரம் குறித்துவிட்டு இரண்டு முறையும் போகவில்லை. இன்று மதியம் இரண்டரைக்கு மூன்றாவது முறை.

குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை. பார்க்க வருகிறவர்கள் கேட்டால், "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பாள். உண்மையில் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்தால், மூடுபனியில் துறைமுகத்தைப் பார்ப்பதுபோல் ஒன்றுமே தெரிவதில்லை.

சனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிட்லிங்டன் துறைமுகத்திலிருந்து நண்டுக் கூண்டு இறக்கப் போன அவள் கணவன் டேரன், தார்ப்பாய்க்கு அடியில் திரும்பி வந்தான். கூண்டுகளைக் கோத்திருந்த கயிறு காலணியில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று படகில் அவனைத் தவிர இருந்தது ஒரே ஒரு ஆள். சுக்கான் பிடித்திருந்த அவன் அப்பா வால்ட்டர்.

ஜூடித் அப்போது ஐந்தரை மாதம். அடக்கத்தன்று அவள் அழவில்லை. பிரசவத்திலும் அழவில்லை. எப்படியும் ஒருநாள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.

போன வாரம் டேரனின் நல்ல கோட்டை எடுத்து மடித்து வைக்கும்போது உள்பையில் ஸ்கேன் படம் ஒன்று கிடைத்தது. டிசம்பரில் எடுத்த படம். அதன் பின்பக்கம் பென்சிலால், சின்னப் பிள்ளை எழுதியதுபோல் பெரிய பெரிய எழுத்தில் 'ஆபர்ன்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'அலிசன். செவ்வாய் 6.'

டேரன் கையெழுத்துப் போட்டுத்தான் ஜூடித் பார்த்திருக்கிறாள். அவன் எழுதி ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் இது யாருடைய எழுத்து என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வாசல் கதவு திறந்தது. தட்டிவிட்டு வருகிற பழக்கம் கிளெண்டாவுக்குக் கிடையாது.

"இன்னும் ராத்திரி போட்ட சட்டையிலேயே இருக்கியா? மணி பத்தரை ஆகுதுடி!"

டேரனின் அக்கா அவள். நாற்பத்தாறு வயது. கடற்கரைச் சாலையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய தலையும் முக்கால்வாசிப் பேருடைய வீட்டு விஷயமும் அவள் கைக்குள்.

"கிளம்பிடுவேன்" என்றாள் ஜூடித்.

"போன தடவையும் இதையேதான் சொன்ன. இந்த வாட்டி நானே கூட வர்றேன். அப்பாவையும் இழுத்துட்டு வர்றேன்."

"அவர் எதுக்கு?"

"குடும்பத்துல பெரியவர்னு ஒருத்தர் இருக்க வேணாமா? நாப்பத்திரண்டு நாளாச்சு, பேத்தியை ஒரு தடவை கூடத் தூக்கலை அந்த மனுஷன். வாசல்ல நிக்கிறாரு, எட்டிப் பாக்குறாரு, போயிடுறாரு. அங்க வந்தாவது தூக்குறாரா பாப்போம்." கிளெண்டா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். "சரி, பேரு? நான் சொன்னது என்ன ஆச்சு? டேரினா. எவ்வளவு நல்லா இருக்கு! தம்பி பேரும் நிக்கும்."

ஜூடித் மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்கேன் படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையில் இருந்தது, கொடுத்தாள்.

கிளெண்டா பின்பக்கத்தைப் படித்தாள். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"இது எங்க இருந்துச்சு?"

"அவன் கோட்டுல."

"ஆபர்ன்னா செம்பட்டை முடி."

"தெரியும்."

கிளெண்டா வாயைத் திறந்தாள், மூடினாள். பேச்சை விழுங்குவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. முகமே கோணிவிட்டது.

"சொல்லிடு கிளெண்டா."

"போன நவம்பர்ல பார்த்தேன். கம்பளி நூல் விக்கிற கடைக்குள்ள. ஜன்னல் பக்கமா டேரன் உக்காந்திருந்தான். எதிர்ல ஒருத்தி. முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. முடி தோள் வரைக்கும், நல்ல செம்பட்டை. சாயமில்லை, இயற்கை. எதிர்சாரியில இருந்தே எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் தலையோட தலை முட்டுற மாதிரி குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. செவ்வாய்க்கிழமைதான். என் கடை சாத்துற நேரம்."

"செவ்வாய்க்கிழமை டாமினோ ஆடப் போறேன்னு சொல்லுவான்."

"டாமினோவா! அவனுக்குப் பத்துக்கு மேல எண்ணவே பொறுமை கிடையாதே." சொல்லிவிட்டுக் கிளெண்டாவே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "செத்தவனைப் பத்தி எதுக்குன்னுதான் சொல்லலை. ஜூடி, ஏதாவது சொல்லேன். திட்டு. அந்தக் கோப்பையைத் தூக்கி அடி. நான் கூட்டி அள்ளிக்கிறேன்."

ஜூடித் கோப்பையைப் பார்த்தாள். அதில் நேற்றைய தேநீர் ஆடை படிந்து கிடந்தது. கழுவ வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"நூல் கடைன்னா, தேவாலயத்துக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?"

"போகப் போறியா? தனியாவா? நானும் வரேன்."

"வேணாம். நீ உன் அப்பாவைக் கூட்டிக்கிட்டு நேரா ரெண்டரைக்கு வந்துடு."

* * *

கடைக் கதவு தள்ளுவண்டிக்குக் குறுகலாக இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, ஒருவழியாக உள்ளே நுழைந்தாள் ஜூடித். மேலே மணி அடித்தது.

நூல் அடுக்கிய அலமாரித் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முடி தோள் வரைக்கும். புதிதாகத் துலக்கிய செப்புப் பாத்திரத்தின் நிறம். அதற்குக் கீழே இருந்த முகத்துக்கு அறுபது வயதுக்குக் குறையாது. வகிட்டில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நரை தெரிந்தது.

அந்தப் பெண் வண்டிக்குள் பார்த்தாள். பார்த்தவுடன் கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"டேரன் மூக்கு" என்றாள்.

"நீங்கதான் அலிசனா?"

"ஆமா. நீ ஜூடித். அடக்கத்துக்கு வந்திருந்தேன் கண்ணு. கடைசி வரிசையில உக்காந்துட்டு, முடியுறதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டேன்."

"உங்களுக்கும் என் வீட்டுக்காரனுக்கும் என்ன?"

நூல்கண்டு என்ன விலை என்று கேட்பதுபோல் கேட்டாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அலிசன் போய்க் கதவைத் தாழிட்டு, தொங்கிய அட்டையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பிவிட்டு வந்தாள்.

"உக்காரு."

"நிக்கிறேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். அதனாலதான் உன்னைத் தேடி வரலை. வந்திருக்கணுமோ என்னவோ." அவள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பதினோரு மாசம் என்கிட்ட படிச்சான்."

"என்ன படிச்சான்?"

"எழுத்துத்தான். முப்பது வருஷம் நான் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவ. ஓய்வுக்கு அப்புறம், 'படிக்க எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு இங்கே சொல்லித்தரப்படும்'னு ஒரு அட்டை எழுதி ஜன்னல்ல ஒட்டி வச்சேன். ஒருநாள் இவன் உள்ள வந்தான். 'அம்மா, அந்த அட்டையில என்ன எழுதியிருக்கு?'ன்னு கேட்டான்."

அலிசனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது.

ஜூடித் நின்றுகொண்டே இருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமாகி ஏழு வருடம். உணவகத்துக்குப் போனால் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, 'உனக்கு என்னவோ அதுவே எனக்கும்' என்பான். அரசாங்கத் தாள் எது வந்தாலும், 'என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நீயே எழுதிடு' என்பான். அவள் எழுதிவிடுவாள். அவனுக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்று அவள் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவன் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருவரும் அந்த ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

"இந்த ஆபர்ன்..." என்று படத்தை நீட்டினாள்.

அலிசன் வாங்கி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். "அவன் எழுத்துத்தான். 'பி'யைப் பாரு, எவ்வளவு நிமிர்ந்து நிக்குது. ரொம்ப நாள் அதைத் திருப்பியே போட்டுக்கிட்டு இருந்தான்."

"யாருக்குச் செம்பட்டை முடி?"

"என்ன?"

"அந்த வார்த்தைக்கு அதுதானே அர்த்தம்?"

அலிசன் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விஷயம் புரிய இன்னொரு நிமிடம் ஆனது.

"அடக் கடவுளே! இது டப்பாவுல விக்கிற சாயம் பொண்ணே. மாசத்துக்கு ஒரு டப்பா. எனக்கு வயசு அறுபத்து மூணு!"

"சரி" என்றாள் ஜூடித். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். தரையில் மஞ்சள் நூல்கண்டு ஒன்று உருண்டு கிடந்தது. அதைக் குனிந்து எடுத்துத் தட்டில் வைத்தாள்.

அலிசன் ஒரு கடலோர வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். மடிப்புகளில் கிழிந்து ஒட்டுப் போட்ட வரைபடம்.

"சின்னப் பசங்க புத்தகத்தைக் குடுத்தா அவனுக்குக் கூச்சம். அதனால இதைப் போட்டேன். இந்தக் கரையில ஒவ்வொரு அடியும் அவனுக்குத் தெரியும். தெரிஞ்ச இடத்தோட பேரைப் படிச்சா சீக்கிரம் வரும்னு நினைச்சேன். வந்துச்சு. போன நவம்பர் கடைசியில, நான் ஒரு எழுத்துகூட எடுத்துக் குடுக்காம, முழுசா அவனே கூட்டிப் படிச்ச முதல் வார்த்தை இதுதான்."

ஊருக்குத் தெற்கே மூன்று மைலில் அவள் விரல் நின்றது. சின்ன எழுத்தில் ஆபர்ன் என்று போட்டிருந்தது.

"அங்க ஒரு பண்ணை வீடுதானே இருக்கு" என்றாள் ஜூடித்.

"இப்ப அதுதான். ஒரு காலத்துல ஊரே இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா கடல் எடுத்துக்கிச்சு. இவன் படிச்சதும் நானும் உன்னை மாதிரிதான் சொன்னேன், இது முடியோட நிறமாச்சேன்னு. 'இல்லம்மா, இடம். அங்கதான் நான் கூண்டு போடுறேன்'னான். அப்புறம்தான் நான் புத்தகத்தைப் புரட்டினேன். முடிக்குச் சொல்ற வார்த்தை வேற வழியில வந்தது. எங்கேயோ லத்தீன்ல 'வெளுப்பு'ன்னு ஆரம்பிச்சு, கடைசியில பழுப்புன்னு மாறி நின்னது. ஊர்ப் பேரு அது இல்லை. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதின நில ஏட்டுல இது எலபர்ன்னு இருக்கு. 'எல்'னா விலாங்கு மீன். 'பர்ன்'னா ஓடை. விலாங்கு ஓடை. நாளடைவுல வாய்க்கு வந்தபடி தேய்ஞ்சு ஆபர்ன் ஆயிடுச்சு. ரெண்டும் இன்னிக்கு ஒரே எழுத்துல நிக்குது. அவ்வளவுதான்."

"விலாங்கு" என்றாள் ஜூடித்.

"அதைச் சொன்னதும் சிரிச்சான் பாரு! மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான். அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தப் படத்தோட வந்தான். 'அம்மா, இதை மனுஷங்களுக்குப் பேரா வைக்கலாமா?'ன்னு கேட்டான். அபூர்வம்தான், ஆனா வச்சிருக்காங்கன்னேன். உடனே பென்சிலை எடுத்துப் பின்னாடி எழுதினான். தனியா எழுதிப் பழகணும்னு, கீழ என் பேரையும் வகுப்புக் கிழமையையும் மணியையும் எழுதிக்கிட்டான்."

"பொண்ணுக்கு மீன் பேரா?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'விலாங்கு ஓடையிலயும் இருக்கும், கடலுக்கும் போகும். கையில புடிச்சா நிக்காது. என் பொண்ணும் அப்படி இருக்கட்டும்'னான். உன்கிட்ட சொல்றதுக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்தான். எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லணும்னு. படிக்கிறதையும்."

அலிசன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே சொல். ஜூடித், ஜூடித், ஜூடித். மேல் வரிகளில் முதல் எழுத்து இடவலம் மாறிப் புரண்டு கிடந்தது. நடுவில் சில நேராகின. கடைசி ஏழெட்டு வரிகளில் எல்லாமே சரியாக நின்றன.

"உன் பேரோட முதல் எழுத்து அவனைப் பாடாப் படுத்திடுச்சு. அதான் ஒரு பக்கம் முழுக்க எழுத வச்சேன்."

ஜூடித் நோட்டை வாங்கி வண்டியின் கீழ்க்கூடையில் வைத்தாள். பால் துணிக்கும் மாற்று உடைக்கும் நடுவில்.

"கோபமா கண்ணு?"

"தெரியலை" என்றாள் அவள். "ரெண்டரைக்கு நேரம் குறிச்சிருக்கு. போகணும்."

* * *

பதிவு அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் கிளெண்டா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வால்ட்டர். எழுபத்தொரு வயது. கடலுக்குப் போகும்போது போடுகிற நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார். சனவரிக்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. சட்டையை மட்டும் தினமும் போட்டுக்கொள்கிறார்.

ஜூடித்தைப் பார்த்ததும் எழுந்தார். வண்டியை எட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

கிளெண்டா அவளை ஓரமாக இழுத்தாள். "என்னடி ஆச்சு?"

"அறுபத்து மூணு வயசு. வாத்தியாரம்மா. டேரனுக்குப் படிக்கச் சொல்லிக்குடுத்திருக்காங்க."

"படிக்கவா?" கிளெண்டாவின் கண் சட்டென்று நிறைந்துவிட்டது. "பாவி... பள்ளிக்கூடத்துல அவனுக்கு நான்தான் எல்லாம் எழுதிக் குடுப்பேன். பின்னாடி சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "அப்ப அந்த முடி?"

"சாயம்."

"சாயமா? எனக்குத் தெரியாம ஒரு சாயமா? எந்தக் கடையில போட்டாளாம்?"

"டப்பா."

கிளெண்டா அதை நம்ப மறுத்துத் தலையை ஆட்டினாள். அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "சரி விடு. இப்பப் பேரு என்ன போடப் போற?"

"ஆபர்ன்."

நாற்காலி கிறீச்சிட்டது. வால்ட்டர் எழுந்து நின்றிருந்தார்.

"அந்தப் பேரு வேணாம்."

இரண்டு வாரத்தில் அவர் பேசி ஜூடித் கேட்ட முதல் வார்த்தை அது.

"டேரன் வச்ச பேரு அது" என்றாள். "அவன் கைப்பட எழுதி வச்சிருக்கான்."

"யாரு வச்சா என்ன? வேணாம் புள்ள. வேற எதுவேணா வையி. மகாராணி பேரு வையி. இவ சொல்ற அந்த டேரினாவை வையி. இது வேணாம்."

"ஏன்?"

வால்ட்டர் தன் கைகளைப் பார்த்தார். கயிறு அறுத்த தழும்புகள் வெள்ளை வெள்ளையாகக் குறுக்கே ஓடின.

"அங்கதான்" என்றார்.

"எங்க?"

"ஆபர்னுக்கு நேர் எதிர்ல. கரையில இருந்து ரெண்டு மைலு. அந்தப் பண்ணை வீட்டுக் கூரை தெரியும். அதை அடையாளம் வச்சுத்தான் நாங்க கூண்டு இறக்குவோம். அன்னிக்கும் கூரை தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது."

கிளெண்டா பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

'பிரிட்லிங்டனுக்குத் தெற்கே' என்றுதான் எல்லோரும் ஜூடித்திடம் சொல்லியிருந்தார்கள். தாள்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. தெற்கே என்றால் எங்கே என்று அவளும் கேட்டதில்லை. கடலில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விட்டுவிட்டாள்.

"தினமும் அந்தப் பேரைச் சொல்லி நான் இவளைக் கூப்பிடணுமா?" என்றார் வால்ட்டர். குரல் உடையவில்லை. மரத்துப்போய் இருந்தது. அந்தக் குரல் ஜூடித்துக்கு நன்றாகத் தெரிந்தது. ஐந்து மாதமாக அவள் வாயிலிருந்து வருகிற அதே குரல்.

கதவு திறந்து பெண் பதிவாளர் ஜூடித்தைப் பெயர் சொல்லி அழைத்தார்.

* * *

எந்தத் தேதி? எந்த இடம்? தாயின் முழுப்பெயர்? தந்தையின் முழுப்பெயர்? ஜூடித் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதிவாளர் தட்டிக்கொண்டே வந்தார்.

"தந்தையின் தொழில்?"

"மீன்பிடி."

"அவர்..."

"இல்லை. சனவரியில."

"வருந்துகிறேன்மா." அவர் அதைச் சொன்ன விதத்தில் நிஜம் இருந்தது. ஒரு கணம் விட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார். "குழந்தையின் பெயர்?"

பின்னால் சுவரோரம் வால்ட்டர் நின்றிருந்தார். குழந்தை வண்டியில் கிடந்து முனகத் தொடங்கியது.

பதிவாளர் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிவு பண்ணலைன்னா பரவாயில்லைங்க. பேரு இல்லாமலே இன்னிக்குப் பதிவு பண்ணிடலாம். அந்த இடத்துல ஒரு கோடு போட்டுடுவேன். பன்னெண்டு மாசத்துக்குள்ள வந்து பேரைச் சேத்துக்கலாம்."

"அதான் நல்லது" என்றாள் கிளெண்டா உடனே. "ஒரு வருஷம் இருக்கே. ஆறப் போட்டு யோசிக்கலாம். என்ன ஜூடி? அப்பா, என்ன?"

வால்ட்டர் தலையசைத்தார்.

ஜூடித்துக்கும் சரி என்று சொல்வதே எளிது. ஐந்து மாதமாக எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். பெட்டி எந்த மரம்? சரி. எந்தப் பாட்டு? சரி. அவன் சட்டைகளைக் கொடுத்துவிடலாமா? சரி.

ஒரு கோடு. தாயின் பெயர், தந்தையின் பெயர், நடுவில் ஒரு கோடு.

அவளுடைய பெயரை டேரன் வரிவரியாக எழுதிப் பழகிய அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. படுத்துப் படுத்து, கடைசியில் எழுந்து நின்ற எழுத்து. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவன் வீடு திரும்பியபோது, 'ஜெயிச்சியா?' என்று அவள் கேட்டிருக்கிறாள். 'இல்லை, ஆனா தேறிட்டு வர்றேன்' என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அவள் நாற்காலியைத் திருப்பி மாமனாரைப் பார்த்தாள்.

"வால்ட்டர், அவன் முதன்முதலா தானே படிச்ச வார்த்தை அது. நவம்பர்ல படிச்சிருக்கான். டிசம்பர்ல பேரா எழுதி வச்சிருக்கான். அதுக்கப்புறம்தான் அங்க போய்ச் செத்தான். பேருதான் முதல்ல வந்துச்சு."

வால்ட்டர் மறுபடி தன் கைகளைப் பார்த்தார்.

"உங்களுக்கு அது அந்த இடம். தெரியுது. இனிமே எனக்கும் அதேதான். அதை யாராலயும் மாத்த முடியாது. ஆனா இவளுக்கு அது பேரு மட்டும்தான். இவளுக்கு அந்தக் கூரை எதுவும் தெரியாது."

இவ்வளவு நீளமாக அவள் பேசி மாதங்கள் ஆகியிருந்தன.

"நான் போயி வேற இடத்துல கூண்டு இறக்கியிருந்தா..." என்றார் வால்ட்டர்.

"எனக்குத் தெரியலை. நீங்க இறக்கலை. பேரைச் சொல்லவா?"

கிழவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "உன் புள்ள" என்றார். அது சம்மதமா, கைகழுவலா என்று கிளெண்டாவுக்கும் புரியவில்லை.

ஜூடித் பதிவாளர் பக்கம் திரும்பினாள். ஆறு ஆங்கில எழுத்தையும் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொன்னாள்.

"அழகான பேரு" என்றார் பதிவாளர். "முடி நிறமா?"

"விலாங்கு ஓடை."

பதிவாளரின் விரல்கள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின.

தாள் வந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி சொன்னார். அதற்குள் குழந்தை வீறிட்டது. ஜூடித் அதைத் தூக்கினாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பேனா என்றிருக்க, தாள் நகர்ந்தது. கிளெண்டா கைநீட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் வால்ட்டர்தான் பக்கத்தில் நின்றிருந்தார். ஜூடித் எதையும் யோசிக்காமல், கூடையைக் கொடுப்பதுபோல் அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. முழங்கையை மடக்கத் தெரியாமல், மீன்பெட்டியை ஏந்துவதுபோல் இரு கையையும் நீட்டியபடி ஏந்தி நின்றார். குழந்தை இன்னும் பெரிதாக அழுதது.

"கிட்ட அணைச்சுக்கோங்கப்பா, அவளை யாருக்கு நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் கிளெண்டா.

ஜூடித் தாளை வரிவரியாகப் படித்தாள். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

* * *

வெளியே வந்தபோது கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. தெருமுனைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கிளெண்டா காரை எடுத்து வரப் போனாள். வாசலில் கிடந்த பெஞ்சில் வால்ட்டர் உட்கார்ந்தார். குழந்தை இன்னும் அவரிடம்தான் இருந்தது. அழுது ஓய்ந்து, அவருடைய கம்பளிச் சட்டையில் வாயை வைத்துத் தூங்கிவிட்டிருந்தது.

"வாங்கிக்கவா?" என்றாள் ஜூடித்.

"இருக்கட்டும்."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனது.

"ஜூடித்."

"ம்."

"அடுத்த மாசம் விசாரணைக்கு மறுபடியும் கூப்பிடுறாங்க."

"தெரியும். கடிதம் வந்துச்சு."

"முன்னாடி நான் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். நாலு நிமிஷம் ஆச்சு அவனை மேல இழுக்க. இழுத்துப் போட்டப்ப உசுரு இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்."

"ஆமா. படிச்சேன்."

வால்ட்டர் குழந்தையின் போர்வையை இழுத்து அதன் கழுத்தை மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"இருந்துச்சு" என்றார்.

ஜூடித் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்துச்சு புள்ள. கொஞ்ச நேரம். நீ கேட்டா தாங்க மாட்டேன்னு, வயித்துல இதை வச்சுக்கிட்டு இருக்கேன்னு, அப்படி எழுதிக் குடுத்தேன். பொய்தான். தெரிஞ்சே எழுதினேன்."

"பேசினானா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

பனிக்குள்ளிருந்து கிளெண்டாவின் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தாள். கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க, இங்க நிறுத்தக் கூடாது!" என்று கத்தினாள்.

ஜூடித் உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். பல் கிட்டித்தது. கழுத்துக்குள் பனி இறங்குவது தெரிந்தது. குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.